முதுகில் கேட்கும் இதயம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்லும்போது, வயலில் பெண்கள் குனிந்து நாற்று நடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு குனிந்திருக்கையில் முதுகுத் தசைகள் என்ன செய்கின்றன? உடலை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்றுதானே தோன்றுகிறது?

தசை சுருங்கும்போது நுண்ணிய மின்னழுத்தம் உண்டாகிறது. தோலின்மீது மின்வாய்களை ஒட்டி அதைப் பதிவு செய்யலாம். 1950களில் இங்கிலாந்தில் ஃபிளாய்டு, சில்வர் என்ற இருவர் இவ்வாறு ஆராய்ந்து வியப்பான ஒன்றைக் கண்டனர். குனியத் தொடங்கும்போது உழைக்கும் தசைகள், முழுக்கக் குனிந்ததும் ஓய்ந்துவிடுகின்றன! முதுகெலும்பைப் பிணைக்கும் நார்கள் பளுவை ஏற்றுக்கொள்கின்றன. முதுகுவலி உடையோர் பலரிடம் இந்த ஓய்வு ஏற்படுவதில்லை என்பதும் தெரியவந்தது. எனவே, தசை ஓய்ந்ததா இல்லையா என்பது மருத்துவருக்கு முக்கியமான தடயம்.

இங்கேதான் இதயம் குறுக்கிடுகிறது. ஓய்ந்த தசையின் மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்டுகளே. இதயத்தின் துடிப்போ முதுகுப் பதிவிலும் அதைவிடப் பல மடங்கு உயர்ந்து நிற்கும். அதையும் சேர்த்து அளந்தால், ஓய்ந்த தசை உழைப்பதாகத் தவறாகத் தோன்றும்.

விந்தை என்னவென்றால், இதே இதய மின்னலையைப் பிடிப்பதற்காக டச்சு அறிஞர் ஐந்தோவன் பெரும்பாடு பட்டார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அவருடைய கருவியை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். நோயாளி உப்பு நீரில் கையையும் காலையும் அமிழ்த்தி அமர்ந்திருப்பார். 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒருவர் தேடிய செல்வம் மற்றவருக்குக் குப்பையாயிற்று!

குப்பையை நீக்குவது எப்படி? 1975இல் அமெரிக்க அறிஞர் விட்ரோவும் அவருடைய குழுவினரும் ஒரு வழியை விளக்கினர். வேண்டாத ஒலியைத் தனியே ஒரு மின்வாயில் பிடித்து, தேவையான அளவுக்குத் தானாகவே மாற்றிக் கழித்துவிடுவது. கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பிலிருந்து தாயின் துடிப்பை இவ்வாறே நீக்கிக் காட்டினர்.

இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. இதய அலையின் ஆற்றலில் பெரும்பகுதி 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடுகிறது. தசை அலைகளோ சுமார் 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவியவை. ஆகவே 30 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டிவிடலாம். 1993இல் ரெட்ஃபெர்ன் குழுவினர் இதைப் பரிந்துரைத்தனர். 2006இல் டிரேக், காலகன் இருவரும் பல முறைகளை ஒப்பிட்டு, இந்த எளிய முறையே போதுமானது என்றனர். எனக்கும் இதுவே பிடிக்கும்; ஆனால் ஓர் எச்சரிக்கையோடு.

களைத்த தசையின் அலைகள் தாழ்ந்த அதிர்வெண்ணை நோக்கி நகர்கின்றன. காலை முதல் நாற்று நட்ட பெண்ணின் முதுகை மாலையில் பதிவு செய்து 30இல் வெட்டினால், இதயத்தோடு அவருடைய களைப்பின் ஒரு பகுதியும் போய்விடும். களைப்பை அளக்க விரும்புவோர் விட்ரோவின் வழியையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.