ஆறாத கால் புண்: கிருமிகள் கட்டும் கூடு

இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். மருந்து சாப்பிடும் வரை அடங்கியிருக்கும். நிறுத்தியதும் மறுபடி நீர் வடியும். மருந்தில் வீரியம் இல்லை என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவோர் நம்மிடையே நிறைய. பல நேரங்களில் குறை மருந்தில் இல்லை. கிருமிகள் பதுங்கியிருக்கும் விதம்தான் காரணம்.

தண்ணீர்த் தொட்டியைச் சில நாள் தேய்க்காமல் விட்டால் உள்பக்கம் வழவழக்கும். காலையில் பல் துலக்கும் முன் பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்கும் அதே வகைதான். பாக்டீரியாக்கள் கூட்டமாக ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையால் தம்மை மூடிக்கொள்கின்றன. இதற்கு ‘பயோஃபிலிம்’ என்று பெயர். தமிழில் உயிர்ப்படலம் எனலாம். நுண்ணோக்கியால் கிருமிகளை முதன்முதலில் கண்ட நெதர்லாந்துக்காரர் லேவன்ஹூக், 17ஆம் நூற்றாண்டிலேயே தம் பல்லை வினிகரால் கழுவிப் பார்த்தார். அழுக்கின் மேற்புறம் இருந்தவை மட்டுமே செத்தன.

இன்றைய ஆன்டிபயாட்டிக்கும் அதே சிக்கலில்தான் மாட்டுகிறது. சில மருந்துகள் பசைக்குள் மெதுவாகவே இறங்கும். அதைவிடப் பெரிய தடை, அடியில் இருக்கும் கிருமிகள் உணவும் ஆக்ஸிஜனும் குறைந்து ஏறக்குறைய உறங்கிக் கிடப்பது. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் வளர்ந்து பெருகும் கிருமியைத்தான் கொல்லும். தனியாகத் திரியும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் 1,000 மடங்கு வரை தந்தாலும் தாக்குப்பிடிப்பவை உண்டு. உடலின் வெள்ளை அணுக்களாலும் கூட்டை விழுங்க முடிவதில்லை. அவை கக்கும் நொதிகள் பக்கத்தில் உள்ள நல்ல சதையைத்தான் அரிக்கின்றன.

2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாள்பட்ட 50 புண்களின் சதையைப் பரிசோதித்தபோது 30இல் இந்தப் படலம் இருந்தது. புதிய காயங்கள் 16இல் ஒன்றில் மட்டுமே இருந்தது. வெறும் கண்ணால் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது.

மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது மற்ற பெரிய இனங்களைவிட அதிகம். கால் மரத்துப்போனவருக்கு முள் குத்தினாலும் சிலிப்பர் உராய்ந்தாலும் தெரியாது. தெரியவரும்போது கூடு கட்டி முடிந்திருக்கும்.

ஆகவேதான் டாக்டர் செத்த சதையைச் சுரண்டி எடுக்கச் சொல்கிறார். “இன்று சுரண்டுவார்கள், நாளை காலை எடுப்பார்கள்” என்று பயந்து பாதியில் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது: காலைக் காப்பாற்றத்தான் சுரண்டுகிறார்கள். கூடு கலைந்ததும் எஞ்சிய கிருமிகளை மருந்து எட்டுகிறது. ஆனால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் படலம் மறுபடி கட்டத் தொடங்கும். ஒருமுறை சுத்தம் செய்துகொண்டு, “பரவாயில்லை” என்று அடுத்த தவணைக்குப் போகாமல் இருந்தால் பலன் இருக்காது. பாதத்துக்கு ரத்த ஓட்டம் போதாதவர்களுக்கு மட்டும் அதை முதலில் சரிபார்த்த பிறகே சுரண்டுவார்கள். வீட்டில் பிளேடால் செய்து பார்க்கும் வேலை இதுவல்ல.

மஞ்சள், காப்பித்தூள் அப்புவதும் வேண்டாம். அவை அடியில் உள்ள கூட்டைக் கலைக்காது, புண்ணையும் மறைத்துவிடும். மேலாகப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கும் சோதனையில் உள்ளே இருக்கும் கிருமி தப்பிவிடலாம். அதனால் தொற்று உள்ள புண்ணில், சுத்தம் செய்தபின் சிறு சதைத் துணுக்கை எடுப்பதையே நிபுணர்கள் விரும்புகிறார்கள்.

படலம் ஒன்றே காரணமல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ, புண் உள்ள காலை ஊன்றியே நடந்தாலோ எந்த மருந்தும் தோற்கும். முறையாகச் சிகிச்சை எடுத்து 4 வாரம் ஆகியும் புண்ணின் பரப்பு பாதியாகச் சுருங்கவில்லையென்றால், பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், கறுத்த விரல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.