இடம் மாறிய இடைச்சொல்: ஆங்கிலக் கூட்டுவினைகளின் வரலாறு

ஆங்கிலத்தில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்த 'கிவ் அப்' என்பதற்கோ கைவிடு என்று பொருள். 'லுக்' பார்த்தலையும் 'ஆஃப்டர்' பின் என்பதையும் குறிக்க, 'லுக் ஆஃப்டர்' பராமரித்தலைக் குறிக்கிறது. இப்படி எளிய வினையுடன் வினையடையோ முன்னிடைச்சொல்லோ சேர்ந்து புதுப்பொருள் தரும் கூட்டுவினைகள் இல்லாமல் அன்றாட ஆங்கிலம் ஒரு நாளும் நடக்காது. இவை அண்மைக்காலப் பேச்சுவழக்கில் முளைத்தவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. வரலாறு அதை மறுக்கிறது.

ஏறத்தாழ 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றது. தமிழின் 'மேற்கொள்', 'உட்கொள்', 'வெளியேறு' ஆகியவற்றின் அமைப்பை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 'பேர்னன்' என்றால் எரித்தல். 'ஃபோர்' என்னும் முன்னொட்டுச் சேர்ந்த 'ஃபோர்பேர்னன்' என்றால் எரித்துத் தீர்த்தல். இன்று அதே பொருளுக்கு 'பர்ன் அப்' என்கிறார்கள். முன்னொட்டு மறைந்தது, அதன் வேலையைப் பின்னால் வந்த இடைச்சொல் ஏற்றுக்கொண்டது. பழைய முறையின் எச்சங்கள் 'ஃபர்கிவ்', 'ஓவர்கம்' போன்ற சொற்களில் இன்னும் வாழ்கின்றன. இவற்றுள் 'வித்ஸ்டாண்ட்' தனிக் கவனத்துக்கு உரியது. 'வித்' என்பதற்கு இன்று 'உடன்' என்று பொருள் கொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'எதிராக' என்ற பொருள் இருந்தது. எதிர்த்து நிற்றல் என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வந்தது அப்படித்தான்.

இடைச்சொல் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்ததற்குக் காரணங்கள் பல. அழுத்தமின்றி ஒலிக்கப்பட்ட முன்னொட்டுகள் தேய்ந்தன. ஒரே முன்னொட்டு பல பொருள்களைச் சுமந்ததால் தெளிவும் குறைந்தது. செயப்படுபொருளுக்குப் பின் வினை வரும் வரிசை மாறி, வினை முன்னே வந்தது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கியபின் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியும் இதில் சேர்ந்தது. அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழி தன் முன்னொட்டுகளில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே இழந்து, இடைச்சொல்லை வினைக்குப் பின் வைத்தது. ஆனால் 'அப்', 'அவுட்' ஆகியவற்றின் பழைய வடிவங்கள் பழைய ஆங்கிலத்திலேயே வினைக்குப் பின்னும் வந்திருக்கின்றன. ஆகவே நார்ஸ் இம்மாற்றத்தைத் தோற்றுவித்தது என்பதைவிட விரைவுபடுத்தியது என்பதே பொருந்தும்.

ஸ்காண்டிநேவியர் குடியேறிய கிழக்குப் பகுதியில் இருந்த பீட்டர்பரோ மடத்தின் ஆண்டுக்குறிப்பு 1154உடன் முடிகிறது. மன்னர் ஸ்டீஃபன், சால்ஸ்பரி ஆயர் ரோஜரையும் அவருடைய உறவினரையும் சிறையிலடைத்து, அவர்கள் தம் கோட்டைகளை ஒப்படைக்கும்வரை விடவில்லை என்று அதன் இறுதிப் பகுதி சொல்கிறது. 'ஒப்படைத்தல்' என்ற இடத்தில் அங்கே நிற்பது 'கிவ் அப்'தான். கோட்டையை ஒப்படைப்பதிலிருந்து முயற்சியைக் கைவிடுவதுவரை அந்தச் சொல் நடந்துவந்த பாதை இங்கே தெளிவாகத் தெரிகிறது.

1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சு வினைகளும், பின்னர் லத்தீன் வினைகளும் வந்து குவிந்தன. 'கோ இன்' இருந்த மொழியில் 'என்டர்' சேர்ந்தது. 'புட் அவுட்' பக்கத்தில் 'எக்ஸ்டிங்க்விஷ்' வந்து நின்றது. கடன் வந்த வினை ஏட்டுக்கும் மன்றத்துக்கும் உரியதாக, கூட்டுவினை வீட்டுக்கும் சந்தைக்கும் உரியதானது. ஆயினும் பிரெஞ்சிலிருந்து வந்த 'கேரி', 'பாஸ்' போன்ற சிறு வினைகளும் 'கேரி ஆன்', 'பாஸ் அவே' என்று இந்தக் கூட்டத்தில் கலந்துவிட்டன.

பொருள் வளர்ச்சியில் 'அப்' அடைந்த மாற்றமே மிக ஆழமானது. முதலில் திசையை மட்டும் காட்டிய அது, பிறகு செயல் முற்றுப்பெற்றதைக் காட்டத் தொடங்கியது. 'ஈட் அப்' என்பதில் மேல்நோக்கிய அசைவு எதுவும் இல்லை. மிச்சமின்றிச் சாப்பிடுதல் என்பதே பொருள். தமிழில் 'விடு' என்ற வினை தன் சொந்தப் பொருளை இழந்து 'சாப்பிட்டுவிடு' என்பதில் முடிவை உணர்த்துகிறது அல்லவா, அதற்கு ஒப்பானது இது. தமிழ் துணைவினையால் செய்வதை ஆங்கிலம் இடைச்சொல்லால் செய்கிறது.

சொல்வரிசையிலும் நுட்பம் உண்டு. விளக்கைப் போடு என்பதை 'டர்ன் ஆன் த லைட்' என்றும் 'டர்ன் த லைட் ஆன்' என்றும் சொல்லலாம். விளக்குக்குப் பதில் 'இட்' வந்தால் 'டர்ன் இட் ஆன்' மட்டுமே சரி. 'லுக் ஆஃப்டர்' இப்படிப் பிரியாது. அங்கே 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல்லாகவே நிற்கிறது.

லத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டோர் இச்சிறுசொற்களை ஐயத்துடன் பார்த்தனர். ஜான் டிரைடன் தம் நாடகக் கட்டுரையின் 1684ஆம் ஆண்டுப் பதிப்பில், வாக்கிய இறுதியில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடித் தேடி நீக்கினார். அது அவரது மொழிக்கு அவசியமற்ற கட்டுப்பாடு. சாமுவேல் ஜான்சன் இதில் தெளிவாக இருந்தார். 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில், வேற்றுமொழியினருக்கு மிகவும் கடினமானவை இக்கூட்டுகளே என்று உணர்ந்து, அவற்றை மிகுந்த கவனத்துடன் தொகுத்ததாகக் குறிப்பிட்டார். அவர் காட்டிய 'டேக் ஆஃப்' என்பதற்கு அங்கே 'போலச் செய்தல்' என்று பொருள்; விமானம் புறப்படுவதற்கு அச்சொல் பயன்பட்டது பிற்காலத்தில்.

1920இல் ஆர்தர் கென்னடி இவற்றைப் பற்றித் தனி ஆய்வு வெளியிட்டார். 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதைப் பரிந்துரைத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி. 1971இல் டுவைட் பாலிங்கரின் நூல் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டது.

இக்கூட்டுவினைகள் பெயர்ச்சொற்களாகவும் மாறுகின்றன. அப்போது அழுத்தம் முதற்பகுதிக்கு நகர்கிறது. இரு சொற்களும் எழுத்திலும் ஒன்றாகின்றன. பூட்டி அடைத்தலைக் குறித்த 'லாக் டவுன்' அவ்வாறே 'லாக்டவுன்' ஆகி, அமெரிக்கச் சிறைகளில் கைதிகளை அறைகளுக்குள் அடைத்துவைப்பதைக் குறித்தது. பெருந்தொற்றுக்கால முடக்கத்துக்கும் பெயரான அதை 2020இல் காலின்ஸ் அகராதி ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அதே ஆண்டில் அது 'ஊரடங்கு' என்ற சொல்லோடு சேர்ந்து தமிழர் பேச்சிலும் இடம்பிடித்தது.