இணை முடியாட்சிக் கால ஆங்கில வெள்ளி நாணயமும் கோவளக் கடற்கரை வணிகமும்

முன்னுரை

நாணயத்தில் பொறிக்கப்பெறும் அரச உருவத்தை ஆட்சியுரிமையின் சான்றாகக் கொள்வது வரலாற்றாய்வில் வழக்கம். ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் கோட்டை அமைத்திருந்தும், அவர்தம் அரசர் உருவம் தாங்கிய வெள்ளி இங்குச் செலாவணி ஆகவில்லை. அதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவர் உருவம் தாங்கிய நாணயம்

1689இல் மூன்றாம் வில்லியமும் இரண்டாம் மேரியும் இங்கிலாந்தின் இணையரசர்களாக முடிசூடினர். கிரௌன், அரைக் கிரௌன், ஷில்லிங், ஆறு பென்ஸ் ஆகிய வெள்ளி நாணயங்களில் இருவர் முகங்களும் ஒன்றையொன்று தழுவி வலப்புறம் நோக்கி அமைந்தன. 'கடவுள் அருளால் வில்லியமும் மேரியும்' எனப் பொருள்படும் இலத்தீன் வாசகம் அவற்றைச் சூழ்ந்தது. 1694 டிசம்பரில் மேரி மறைந்தபின் வில்லியம் தனித்து ஆண்டார். நாணயமும் ஒற்றை உருவமாயிற்று.

சென்னை அக்கசாலை

இதே காலத்தில், 1692இல், புனித ஜார்ஜ் கோட்டை அக்கசாலை முகலாயர் இசைவுடன் வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றது. அந்த ரூபாய் முகலாயப் பேரரசர் பெயரையே தாங்கியது. சென்னையில் வெளியான பொன் வராகனில் இந்துத் தெய்வ உருவமே இடம்பெற்றது. வெள்ளிப் பணத்தின் ஒருபுறம் தெய்வ உருவமும், மறுபுறம் இரண்டாம் சார்லஸைக் குறிக்கும் பின்னிய இரு 'சி' எழுத்துகளும் இருந்தன. மக்கள் பழகிய அடையாளமே நாணயத்திற்கு நம்பகம் தந்தது.

இங்கிலாந்தின் சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1663ஆம் ஆண்டுச் சட்டம் அயல்நாட்டு நாணயத்தையும் வெள்ளிக் கட்டியையும் ஏற்றுமதி செய்ய இசைந்தது. ஆங்கில நாணயத்திற்கான தடை நீடித்தது. எனவே கம்பெனிக் கப்பல்களில் ஸ்பானிய வெள்ளியே பெரும்பாலும் வந்தது. அது எடையும் மாற்றும் பார்த்துப் பெறப்பட்டு உருக்கப்பட்டது.

கோவளமும் ஆலம்பரையும்

கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்ட் வணிகர் நிலைகொண்டனர். பேரரசர் ஆறாம் சார்லஸின் பட்டயத்தை 1722இல் பெற்ற அவர்தம் கம்பெனி, 1727இல் முடக்கப்பட்டு 1731இல் ஒழிந்தது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே ஆலம்பரையில் ஆர்க்காட்டு நவாபின் அக்கசாலை ரூபாய் அடித்தது. அயல் வெள்ளி உள்நாட்டு நாணயமாக உருமாறியது இத்தகைய அக்கசாலைகளில்தான்.

முடிவுரை

இக்கரையில் ஐரோப்பிய வெள்ளி உலோகமாக மதிக்கப்பட்டது. அரச முத்திரையாக அன்று. ஆகவே வில்லியம், மேரி நாணயம் ஒன்று இங்குக் கிடைப்பினும், அதனை ஆங்கில ஆட்சியின் சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. அதன் ஆண்டு, அது இங்கு வந்திருக்கக்கூடிய காலத்தின் தொடக்க எல்லையை மட்டுமே காட்டும். கிடைத்த மண்ணடுக்கும் உடன்கிடைத்த பொருள்களுமே எஞ்சியவற்றை உணர்த்தவல்லன.