சரயேவோ: முற்றுகைக்குள் எரிந்த தகர அடுப்பு

பொஸ்னியத் தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை 1,425 நாட்கள் முற்றுகைக்குள் இருந்தது. மின்சாரமும் எரிவாயுவும் அடிக்கடி நின்றுபோன பனிக்காலங்களில், மக்கள் கிடைத்த தகரத்தில் விறகடுப்புச் செய்து வீட்டைச் சூடாக்கினார்கள். முதலில் பூங்கா மரங்கள் எரிந்தன. பின்னர் தளபாடங்கள், சப்பாத்துகள், புத்தகங்கள்.

செங்கல் அடுப்பு சூட்டைப் பல மணிநேரம் பிடித்துவைத்திருக்கும். தகர அடுப்போ நெருப்புத் தணிந்ததும் குளிர்ந்துவிடும். இரவு பகலாகச் சூடு வேண்டுமானால் இரவு பகலாக விறகு போடவேண்டும். விறகு தேடி வெளியே போனால் சினைப்பர் சூடு. அதனால் குடும்பங்கள் ஒரே அறைக்குள் ஒடுங்கின.

விறகை மிச்சம்பிடிக்க அடுப்பின் காற்றுவழியை இறுக அடைத்தாலும் ஆபத்துத்தான். அரைகுறையாக எரியும் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.