வில்சனின் இறுதி ஆண்டுகள்

அறிவு முற்றாக அழிந்தவரை உலகம் எளிதில் இனங்கண்டுகொள்கின்றது. பேச்சும் நினைவும் பெரும்பாலும் நிலைத்திருக்க, சிந்தனையின் வேகமும் தீர்மானிக்கும் ஆற்றலும் மாத்திரம் குன்றியவரை இனங்காண்பதோ அரிது. மூளைக்கு இரத்தங் கொண்டுசெல்லும் குழாய்கள் பழுதுறுவதால் விளையும் இத்தளர்ச்சிக்கு மருத்துவ உலகம் 1990களிலேதான் தனிப்பெயர் வகுத்தது. பெயர் தோன்றுமுன்னரே இந்நோயின் துயரை அனுபவித்தவர் என மருத்துவ ஆய்வாளர் பலர் கருதும் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியாய் விளங்கிய வூட்றோ வில்சன்.

பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த காலத்தில், 1906ஆம் ஆண்டில், அவரது இடக்கண்ணின் பார்வை திடீரெனக் கெட்டது. இரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பு அது. 1913இல் அவர் ஜனாதிபதியானார். உலகப் பெரும்போர் முடிந்தபின், வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்கும் சர்வதேச சங்கத்துக்கும் மக்கள் ஆதரவைத் திரட்ட 1919 செப்டெம்பரில் புகையிரதத்தில் நாடெங்கும் சென்றார். 25ஆந் திகதி பியூப்ளோ நகரிற் பேசியபின் தளர்ந்து வீழ்ந்தார். ஒக்டோபர் 2ஆந் திகதி பாரிசவாதம் அவரது இடப்பக்கத்தைச் செயலிழக்கச் செய்தது.

நரம்புத் தளர்ச்சி என்றே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. எந்தப் பத்திரம் அவரிடஞ் செல்லவேண்டுமென்பதை மனைவி ஈடித் அம்மையார் தீர்மானித்தார். மந்திரிசபை 1920 ஏப்ரில் வரை அவரைக் கண்டு கூடவில்லை. வில்சன் பேசினார், பழையவற்றை நினைவுகூர்ந்தார். ஆனால் விரைவிற் சினந்தார். மாற்றுக் கருத்துக்குச் சிறிதும் இணங்கினாரல்லர். திருத்தங்களை ஏற்க அவர் மறுத்தமையால், உடன்படிக்கை மூதவையில் 1919 நவெம்பரிலும் 1920 மார்ச்சிலும் தோல்வியுற்றது. இது நோயின் விளைவோ, அவரது இயல்பான பிடிவாதமோ என வரலாற்றாசிரியர் இன்றும் வாதிடுவர்.

1921 மார்ச்சிற் பதவிநீங்கியவர் வாஷிங்டனில் எஸ் வீதியிலுள்ள இல்லத்தில் ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்ந்தார். தொடங்கிய வழக்கறிஞர் தொழில் நீடிக்கவில்லை. ஒருகாலத்திற் பெருநூல்களை எழுதியவர், 1923இற் சிறு கட்டுரையொன்றை எழுதிமுடிக்கவே பெரிதும் உழைக்க நேர்ந்தது. எனினும் மோட்டார் வண்டி உலா, வார இறுதியில் நாடகசாலை, மனைவியின் வாசிப்பு என நாள்கள் ஓர் ஒழுங்கிற் கழிந்தன. 1923 நவெம்பர் 10ஆந் திகதி தம் இல்லத்து நூலறையிலிருந்து வானொலியிற் பேசினார். மறுநாள் பெருந்திரளான மக்கள் அவர் வாயிலிற் கூடினர். 1924 பெப்ருவரி 3ஆந் திகதி அவர் மறைந்தார்.

இத்தகைய நோயாளரின் வாழ்வு நலனை மறதி மாத்திரம் நிர்ணயிப்பதில்லை. மனச்சோர்வும் தனிமையும் அதனைப் பெரிதும் குலைக்கின்றன. ஆகவே இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதோடு, நோயாளரின் மனநிலையை அவரிடமே கேட்டறிவதையும் இன்றைய மருத்துவம் வலியுறுத்துகின்றது. வெள்ளை மாளிகையில் வில்சனைச் சூழ்ந்த இரகசியம் அவரது பதவியைக் காத்தது. உண்மையுரைப்போரின் துணையையோ அவரிடமிருந்து பறித்தது. ஜனாதிபதி செயலாற்ற இயலாதபோது செய்யவேண்டியதை அமெரிக்க அரசியலமைப்பு 1967இலேதான் தெளிவாக வகுத்தது. எஸ் வீதி இல்லத்திலோ ஒழுங்கான நாளும், இயன்ற அளவு பணியும், மறவாத மனிதரும் அவருக்கு வாய்த்தனர். தளர்ந்த அறிவுக்குத் தேவை மறைக்குந் திரையன்று, தாங்குங் கையே.