பட்டாளத்தார்

சந்தைக்குப் போனார், மதுரைக்குப் போனார், பட்டாளத்துக்குப் போனார். மூன்றிலும் ஒரே ‘கு’. சந்தையும் மதுரையும் இடங்கள். பட்டாளமோ ஆட்களின் தொகுதி. காலாட்படையில் ஏறத்தாழ 800 பேர் கொண்ட ஓர் அலகு. அதை ஓர் ஊரைப்போல வைத்துப் பேசும் வழக்கம் எப்படி வேர்பிடித்தது என்பது, என் தாத்தாவின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

சொல் கடல் கடந்து வந்தது. அடித்தல் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வினையிலிருந்து, வீரர்களின் சண்டைப் பயிற்சியைக் குறிக்கும் சொல் பிறந்தது. அதன் வழியில் இத்தாலியில் பத்தாலியோனே, பிரெஞ்சில் பத்தாயோன், ஆங்கிலத்தில் பட்டாலியன். மதராஸ் ரெஜிமென்டின் போர்முழக்கம் ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது. லத்தீன் வேரிலும் அதே ‘அடி’ கிடப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. தமிழ் நாக்கு பட்டாலியனைப் பட்டாளம் ஆக்கியது. நடுவே ‘ஆள்’ ஒலிப்பதால் வேற்றுமொழிச் சொல் என்றே தோன்றாது. மலையாளத்திலும் அது பட்டாளம்தான். வடக்கே அதே பொருளுக்குப் பல்டன் என்பார்கள்.

படை, தானை, சேனை என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு இது எதற்கு வந்தது? பொருள் புதிது என்பதால்தான். பாளையக்காரர்களின் ஆட்கள், கூப்பிட்டபோது வேலும் வாளுமாக வந்து, சண்டை ஓய்ந்ததும் நிலத்துக்குத் திரும்பியவர்கள். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட வந்தபோது, தனித்தனிக் கம்பெனிகளாகக் கிடந்த சிப்பாய்களைச் சேர்த்து ஆங்கிலேயர் பட்டாலியன்களாக்கினர். மதராஸ் ரெஜிமென்ட் தன் வயதை அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகிறது. சிப்பாய் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. படைத்தலைவனைக் குறித்த ஐரோப்பியச் சொல் கும்மந்தான் ஆனது. 1764-ல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு மக்கள் வாயில் ‘கும்மந்தான் கான்சாகிபு’. மாதச் சம்பளம், ஒரே மாதிரி உடுப்பு, வீட்டை விட்டு வருடக்கணக்கில் படைவீரர் லைனில் குடியிருப்பு: இவை மூன்றும் சேர்ந்ததுதான் பட்டாளம். உடுப்பிலும் நெற்றிக்குறியிலும் கைவைத்தபோது அதே பட்டாளம் 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் கொதித்தெழுந்தது. ஆக, பட்டாளம் தொடக்கத்திலிருந்தே போய்த் தங்கும் ஓர் இடமாகவும் இருந்தது.

முதல் உலகப்போருக்குப் பின் தெற்கத்தியார் போர்க்குணம் இல்லாதவர்கள் என்ற கொள்கை வலுத்து, மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. எத்தனை பெரிய பொய் அது! வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, அந்த ஊரிலிருந்து 277 பேர் அப்போருக்குப் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் சொல்கிறது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையின் மதராஸ் சாப்பர்ஸ் மட்டும் கலையாமல் நின்றது. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. அடுத்த போர் வந்ததும் தாத்தா சேர்ந்தது அதில்தான்.

அவர் எங்கே இருக்கிறார் என்று ஆயாவுக்குத் தெரியாது. போர்க்காலக் கடிதத்தில் இடத்தின் பெயர் எழுதக் கூடாது; எழுதினாலும் தணிக்கையில் கறுப்பு மை பூசிவிடுவார்கள். முகவரியில் நம்பர், பெயர், கம்பெனி, களத் தபால் நிலையம், அவ்வளவே. அவர் இருந்த எகிப்தும் இத்தாலியும் அவளுக்கு வந்து சேரவேயில்லை. யார் கேட்டாலும் அவளிடம் இருந்த பதில் ஒன்றுதான்: “பட்டாளத்துல இருக்காரு.” அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அத்தனை வீடுகளிலும் ஒரு பெண், வரைபடத்தில் இல்லாத ஓர் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ‘பட்டாளத்துக்கு’ என்பதன் ‘கு’ அவர்கள் வாயில்தான் உறுதிப்பட்டது என்று நம்புகிறேன்.

சண்டையைப் பற்றித் தாத்தா பேசியதில்லை. பேசியதெல்லாம் ஒரே ஒருவரைப் பற்றி: செங்கற்பட்டுச் சீமைக் கீழ்ஓட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போகிறது என்று அறிந்து, தன் உடலை அதன்மேல் கிடத்தி உடனிருந்தவர்களைக் காப்பாற்றியவர். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப்பதக்கம் பெற்ற முதல் இந்தியர். அவர் பெயர் வந்தால் தாத்தா எழுந்து நின்றுதான் சொல்வார். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், வரப்பில் புதிதாக மண் கிளறியிருந்தால் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார். எங்களையும் கையைப் பிடித்துச் சுற்றியே கூட்டிப் போவார். ஏன் என்று கேட்டால், “பழக்கம் ராஜா” என்பார்.

திரும்பி வந்தவருக்கு ஊர் வைத்த பெயர் ‘பட்டாளத்தார்’. நூற்றுக்கணக்கானவர்களைக் குறித்த சொல் ஒற்றை மனிதரின் பெயராயிற்று. அதோடு மரியாதைக்கு ஓர் ‘ஆர்’. கணவன் பெயரை உச்சரிக்காத ஆயாவுக்கு அது பெரிய உபகாரம். “பட்டாளத்தாரு கழனிக்குப் போயிருக்காரு” என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். கறுப்பு இரும்புப் பெட்டியில் அவர் நம்பரும் பெயரும் வெள்ளைப் பெயின்ட்டில் இருந்தன. அந்தப் பெயரை ஊரில் படித்தவர்கள் மணியார்டரோடு வரும் தபால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும்தான்.

அரசுக் கடிதங்களில் அவர் முன்னாள் படைவீரர். நல்ல தமிழ்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சொல்லில் ‘முன்னாள்’ இருக்கிறது. பட்டாளத்தாருக்கு முன்னாள் கிடையாது, சாகும்வரை அவர் பட்டாளத்தார். குழந்தைப் பட்டாளம், நண்பர் பட்டாளம் என்று சொல் இன்று கூட்டத்தைக் குறிக்கும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது. ஆளெடுப்புக்காக விடியலில் ஓடிப் பழகும் எங்கள் பக்கத்துப் பையன்கள் “ஆர்மிக்குப் போகணும்” என்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் அதையே பக்கத்து வீட்டில் சொல்லும்போது, பையன் பட்டாளத்துக்குப் போகப்போறான் என்றுதான் சொல்கிறார்கள்.