ஆயிரம் பாஸ், ஒரு கோல் இல்லை



போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. சொத்துத் தகராறு என்று பயந்துவிடாதீர்கள். ஸ்பெயின் கால்பந்து அணியைப் பற்றிய தகராறு. என் தம்பியும் பேரனும் ஸ்பெயின் ரசிகர்கள். இரண்டு பேரும் ஒரே அணிக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவிடம் தோற்ற ஆட்டத்தின் வீடியோவை யாரோ குழுவில் போட்டுவிட்டார்கள். பிடித்தது வம்பு.

"பந்து நம்ம கிட்ட இருந்தா அவன் எப்படி கோல் போடுவான்?" இது தம்பி.

"நம்ம கிட்டயே இருந்துச்சே, நாம எத்தனை கோல் போட்டோம் தாத்தா?" இது பேரன்.

கடைசியில் "அக்கா, நீயே சொல்லு" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். சமூக அறிவியல் எடுத்த டீச்சருக்கு இதில் என்ன வேலை என்று புது மருமக்கள் கேட்கலாம். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரில் வேலை பார்த்தவளுக்குப் பந்தாட்டம் தெரியாமல் இருக்க முடியாது. விளையாட்டு பீரியடில் விசிலை ஊதிக்கொண்டு உங்கள் பின்னால் ஓடியது நான்தானே!

முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1872 நவம்பர் 30. கிளாஸ்கோ நகரில் ஒரு கிரிக்கெட் மைதானம். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அந்தக் கால வழக்கப்படி இரண்டு பக்கமும் ஆட்களை முன்னால் குவித்தார்கள். இங்கிலாந்துக்கு ஏழெட்டுப் பேர், ஸ்காட்லாந்துக்கு ஆறு பேர் ஃபார்வர்டுகள். இங்கிலாந்து ஆட்கள் கனமானவர்கள். பந்து கிடைத்தவர் தானே காலில் தட்டிக்கொண்டு ஓடுவார், பறிபோகும் வரை ஓடுவார். ஸ்காட்லாந்து அணியில் எல்லாரும் குயின்ஸ் பார்க் என்ற ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள். உடல் வலுவில் குறைந்தவர்கள் ஆனதால் ஒருவருக்கொருவர் ஒத்துழைத்து ஆடினார்கள். மோதிப் பறிக்க வருகிறவனிடம் பந்து சிக்காமல் இருக்க, பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிடுவது நல்ல வழி. பாஸ் என்பது இப்படி எளியவனின் தற்காப்பாகத்தான் வளர்ந்தது.

சரி, பதின்மூன்று பதினான்கு ஃபார்வர்டுகள் ஆடிய அந்த ஆட்டத்தில் எத்தனை கோல்? சுழியம். 0–0. ஆக, பேரனின் புகார் 150 வருடப் பழசு.

கோல் வறண்டு போகும்போதெல்லாம் விதியை மாற்றி ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை முன்னால் நிற்கும் ஆட்டக்காரனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். அதை இரண்டு பேராக்கினார்கள். இங்கிலாந்து முதல் டிவிஷனில் அதற்கு முந்தைய சீசனில் 1,192 கோல், மாற்றிய சீசனில் 1,703. 1990 உலகக் கோப்பை சராசரியாக ஆட்டத்துக்கு 2.21 கோலோடு சோர்ந்து போனது. டிஃபென்ஸ்காரர் பின்னால் தட்ட, கோல்கீப்பர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நேரம் கடத்தினார். 1992இல் அதற்கும் தடை வந்தது. பந்தை வைத்திருப்பது வேறு, ஆடுவது வேறு என்று விதியே சொல்லிவிட்டது.

நடுவில் ஒருவர் கணக்குப் போட்டார். அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சார்லஸ் ரீப், இங்கிலாந்து விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனவர், பொறுமை இழந்து நோட்டை எடுத்து ஒவ்வொரு நகர்வையும் குறிக்க ஆரம்பித்தார். பிறகு பல ஆண்டுகள் இதே வேலை. பத்தில் எட்டு கோல் மூன்று பாஸுக்குள் வந்துவிடுகிறது என்று கண்டார். அப்படியானால் நீளமாகப் பாஸ் செய்து என்ன பயன், ஓங்கி முன்னால் அடியுங்கள் என்றார். இங்கிலாந்தில் பலர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கு சரி, முடிவு தப்பு. எப்படி? நம் பள்ளிக்கு நூற்றில் தொண்ணூறு பேர் நடந்து வருகிறார்கள், பத்துப் பேர் சைக்கிளில் வருகிறார்கள் என்று வையுங்கள். நூறு பரிசில் எண்பதை நடந்து வந்தவர்கள் வாங்குகிறார்கள். உடனே "நடந்து வந்தால் பரிசு கிடைக்கும்" என்று சொல்லலாமா? சைக்கிளில் வந்த பத்துப் பேர் இருபது பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்களே! ரீப்பின் நோட்டிலும் இதே கதைதான். மொத்த நகர்வுகளில் பத்துக்கு ஒன்பது மூன்று பாஸோடு முடிந்துவிட்டவை. நீண்ட நகர்வுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பலனில் மோசமில்லை. எதை எண்ணுகிறோம் என்பதைவிட எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முக்கியம். பொசஷன் சதவீதத்துக்கும் இது பொருந்தும்.

இப்போது ஸ்பெயினுக்கு வருவோம். 2008க்கு முன் அவர்களிடம் இருந்த பெரிய கோப்பை ஒன்றே ஒன்று, 1964 ஐரோப்பியக் கோப்பை. 1988இல் நெதர்லாந்தின் யோஹன் க்ரைஃப் பார்சிலோனாவுக்குப் பயிற்சியாளராக வந்தார். பந்தை வைத்திருப்பவனுக்கு எப்போதும் இரண்டு வழி திறந்திருக்கும்படி மற்றவர்கள் நிற்க வேண்டும் என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது. அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்கள்தான் சாவியும் இனியெஸ்தாவும். லூயிஸ் அரகோனேஸ் பயிற்சியில் 2008 ஐரோப்பியக் கோப்பை, விசெந்தே தெல் போஸ்கே பயிற்சியில் 2010 உலகக் கோப்பை, 2012இல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. தொடர்ந்து மூன்று!

2010ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0–1 தோல்வி. பந்து முழுக்க ஸ்பெயினிடம், கோல் அவர்களிடம். கடைசியில் கோப்பையை வென்றபோது ஏழு ஆட்டத்தில் ஸ்பெயின் போட்ட மொத்த கோல் எட்டு. அவ்வளவு குறைவான கோலோடு அதுவரை யாரும் உலகக் கோப்பை வென்றதில்லை. நாக்அவுட் ஆட்டம் நான்கும் 1–0. அந்த நான்கிலும் வாங்கிய கோல் பூஜ்யம்.

தம்பி, இந்த இடத்தைக் கவனி. உன் கட்சிக்குச் சாட்சி இதுதான். அந்த அணிக்குப் பந்துதான் கேடயம். எதிரியிடம் பந்தே போகவில்லை, அவன் எதை வைத்து அடிப்பான்?

ஆனால் கேடயத்தை மட்டும் வைத்து யாரும் போரில் ஜெயித்ததில்லை. அந்த எட்டில் ஐந்து கோல் டேவிட் வியா என்ற ஒரே ஃபார்வர்டு அடித்தது. இறுதி ஆட்டத்தில் 116ஆவது நிமிடம் இனியெஸ்தா அடித்தார். கேடயத்துக்குப் பின்னால் ஒரு வாள் இருந்தது. ஜெயித்த பிறகு உலகம் கேடயத்தை மட்டும் பாராட்டியது. ஸ்பெயினும் அதையே நம்பிவிட்டது.

2014இல் நெதர்லாந்திடம் 1–5, சிலியிடம் 0–2, குழுச் சுற்றிலேயே வெளியே. 2018 ஜூலை 1, மாஸ்கோ. ரஷ்யா தன் கோலுக்கு முன்னால் மதில் மாதிரி நின்றது. ஸ்பெயின் 120 நிமிடத்தில் ஆயிரத்துக்கு மேல் பாஸ் செய்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். அவர்கள் கணக்கில் சேர்ந்த ஒரே கோலும் ரஷ்யக்காரர் தன் பக்கமே போட்டுக்கொண்டது! 1–1. பெனால்டியில் ரஷ்யா 4–3. கடைசிப் பெனால்டியை அக்கின்ஃபீவ் காலால் உதைத்துத் தடுத்தார்.

2021 ஜூன், செவில்யா. ஸ்வீடனோடு 0–0. பந்து நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு ஸ்பெயினிடம். ரசிகர்களின் கோபம் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? வாய்ப்பைத் தவறவிட்ட ஃபார்வர்டு ஆல்வாரோ மொராட்டா மேல். சொந்த மைதானத்திலேயே விசில் அடித்து இழிவுபடுத்தினார்கள். தன் மனைவி, குழந்தைகளுக்குக்கூட வசவு வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. பத்துப் பேர் பந்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, எப்போதாவது ஒருமுறை முன்னால் தள்ளி "ஏன் அடிக்கவில்லை" என்று ஒருவனைக் கேட்பது நியாயமா? அடித்துப் பார்க்கிறவன்தான் தவறவிடுவான். பக்கத்தில் தட்டிவிடுகிறவன் எப்போதும் தப்பித்துக்கொள்வான். அவன் பாஸ் சதவீதமும் அழகாக இருக்கும்.

2022 கத்தார். டிசம்பர் 1 அன்று ஜப்பான் 2–1 என்று ஸ்பெயினை வென்றது. ஜப்பானிடம் பந்து இருந்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்து நாள் கழித்து மொராக்கோ. மறுபடியும் ஆயிரத்துக்கு மேல் பாஸ், மறுபடியும் 0–0. ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகிவிட்டு வாருங்கள் என்று வீரர்களிடம் சொல்லியிருந்ததாகப் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே முந்தின நாள்தான் பேசியிருந்தார். அன்று அடித்த மூன்றில் ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைசிப் பெனால்டியை அடித்து ஸ்பெயினை அனுப்பிவைத்த ஹக்கீமி பிறந்த ஊர் மாட்ரிட்! பேரா, இது உன் கட்சிக்குச் சாட்சி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 பெண்கள் உலகக் கோப்பை. ஸ்பெயின் பெண்கள் ஜப்பானிடம் 0–4 என்று தோற்றார்கள். அதே நோய், அதே ஜப்பான். ஆனால் இவர்கள் மருந்து கண்டுபிடித்தார்கள். சல்மா பரல்லுவேலோ, 19 வயதுப் பெண், தடகளத்தில் ஓடிப் பழகியவள். மாற்று ஆட்டக்காரியாக இறங்கி நெதர்லாந்துக்கு எதிராக எக்ஸ்ட்ரா டைமில் வெற்றி கோல், அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக இன்னொன்று. கோப்பை வீட்டுக்கு வந்தது.

அடுத்த வருடம் ஆண்கள். 2024 ஐரோப்பியக் கோப்பை, பயிற்சியாளர் லூயிஸ் தெ லா ஃபுவேந்தே. முதல் ஆட்டத்தில் குரோஷியாவை 3–0 என்று வென்றார்கள். அன்று பந்து குரோஷியாவிடம்தான் அதிகம் இருந்தது. 2008க்குப் பிறகு போட்டி ஆட்டம் ஒன்றில் ஸ்பெயினுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. ஒரு விங்கில் லமீன் யமால், இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் 17 முடிந்தது. மறு விங்கில் நிக்கோ வில்லியம்ஸ். எதிராளியை நேருக்கு நேர் தாண்டப் பார்ப்பார்கள், பறிகொடுப்பார்கள், மறுபடியும் போவார்கள். ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி, 15 கோல். பாஸை அவர்கள் விட்டுவிடவில்லை. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தைவிடப் பந்து அதிகம் வைத்திருந்தார்கள்தான். பறிகொடுக்கப் பயப்படாதவர்களிடம் அந்தப் பந்தைச் சேர்த்தார்கள், அதுதான் மாற்றம். கோப்பையைத் தூக்கிய கேப்டன் யார் என்று நினைக்கிறீர்கள்? மொராட்டா.

ஆக என் தீர்ப்பு: தம்பி சொன்னது பாதி, பேரன் சொன்னது பாதி. பந்து நம்மிடம் இருந்தால் தோற்காமல் இருக்கலாம். ஜெயிக்க வேண்டுமானால் அதை இழக்கத் துணிந்த ஒருவர் வேண்டும்.

இதோடு முடித்திருக்கலாம். எழுதி முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்பு நினைவுக்கு வந்தது.

45 நிமிட பீரியடில் நாற்பது நிமிடம் நான்தான் பேசுவேன். பொசஷன் நூற்றுக்குத் தொண்ணூறு! எந்த வருடமும் போர்ஷன் முடிக்காமல் விட்டதில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஒருநாள் எட்டாம் வகுப்பில் வாஸ்கோ ட காமா வந்த பாடம். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், அவரு வர்றதுக்கு முன்னாடி இந்தக் கடல்ல யாரு கப்பல் ஓட்டினாங்க?"

கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை. அதைவிட நல்ல கேள்வி என் முப்பது வருட வேலையில் வந்ததில்லை. அவன் முன்னால் ஓடி, இடம் கண்டுபிடித்து, கையைத் தூக்கி நின்றான். நான் பந்தைப் பின்னால் தட்டினேன். "அது பாடத்துல இல்லை, உட்காரு. இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு." உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரவும் இல்லை, கடலுக்குப் போய்விட்டான். என்னால்தான் என்று சொல்லவில்லை, வீட்டுக் கஷ்டம் இருந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை அன்றே முடித்து நான் என்ன கோல் போட்டேன்?

நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். பேர் போடவில்லை, உனக்குத் தெரியும். வருடங்கள் கழித்துப் பதில் சொல்கிறேன். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதற்கு முன்பே அரபு வணிகர்களும் குஜராத்திகளும் இந்தக் கடலில் பல நூறு வருடம் கப்பல் ஓட்டினார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் செங் ஹே பெரிய கப்பற்படையோடு கோழிக்கோட்டுக்கு வந்துபோனார். அதற்கும் முன்னால் 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயம் வரை போயிருக்கிறது. கட்டுமரத்தில் போன உன் முன்னோர்களின் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

இன்னும் கேள்வி இருந்தால் கேள். இப்போது எனக்கு முடிக்க வேண்டிய போர்ஷன் எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்